நாய்களைக் கொண்டு காட்டுப்பன்றி வேட்டை

நாய்களைக் கொண்டு காட்டுப்பன்றி வேட்டை என்பது, பழக்கப்பட்ட வேட்டை நாய்களின் துணையுடன் காட்டுப்பன்றிகளைத் தேடி, மறித்து, பிடிக்கும் அல்லது கொல்லும் முறையாகும். உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் இம்முறை தமிழகத்திலும் நெடுங்காலம் நிலவியது. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி அமைந்துள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரம், இவ்வேட்டையோடு நெருங்கிய தொடர்புடைய இராஜபாளையம் நாயின் தாயகமாகும்.

ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இவ்வேட்டை பெரும்பாலும் பயிர்க்காப்பு முறையாகவும் பொழுதுபோக்காகவும் ஏற்கப்பட்டுள்ளது. இந்தியாவில் இது தண்டனைக்குரிய குற்றமாகும். அந்நாடுகளில் பன்றி வெளியிலிருந்து புகுந்த விலங்கு என்பதும், இந்தியாவில் அது காட்டின் இயல்பான உயிரினம் என்பதும் இவ்வேறுபாட்டிற்கு அடிப்படைக் காரணமாகும். எனினும் பன்றிகளால் உழவர்கள் அடையும் இழப்பு இரு இடங்களிலும் ஒன்றேயாகும்.

பெயரும் வகையும்

காட்டுப்பன்றி பழந்தமிழில் ஏனம், கேழல் முதலிய பெயர்களாலும், நாய் ஞமலி, ஞாளி முதலிய பெயர்களாலும் வழங்கப்பட்டன. இந்தியக் காட்டுப்பன்றி, ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரவியுள்ள காட்டுப்பன்றி இனத்தின் ஒரு துணையினமாகும். பிடரியிலிருந்து முதுகு வரை நீளும் விறைப்பான மயிர் இதன் அடையாளமாகும்.

வளர்ப்புப் பன்றிகள் கொட்டிலிலிருந்து தப்பியோ கைவிடப்பட்டோ காட்டில் பெருகினால் அவை காட்டுநிலை அடைந்த பன்றிகள் எனப்படுகின்றன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேட்டையாடப்படுபவை இவ்வகையினவே. வளர்ப்புப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் இவை தம்முள் கலந்து குட்டி ஈனக்கூடியவை.

நாய்கள் பயன்படுத்தப்பட்டதன் காரணம்

காட்டுப்பன்றி பெரும்பாலும் இரவில் இரை தேடும் விலங்காகும். பகலில் அடர்ந்த புதர்களிலும் ஓடைக்கரைகளிலும் படுத்திருக்கும். இதன் பார்வை கூர்மையற்றது. மோப்பத்திறனும் கேள்வித்திறனும் மிகக் கூர்மையானவை. ஆகவே மனிதன் தனியாக இதனை அணுகுவது கடினம். புதருக்குள் கிடக்கும் பன்றியை மோப்பத்தால் கண்டறியவும், வெளியே கிளப்பவும், ஓடவிடாமல் நிறுத்தவும் நாய்கள் உதவின.

வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோகிராமிற்கும் மேல் எடை கொண்டிருக்கலாம். இதன் கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் மேல்தாடைப் பற்களோடு உரசி எப்பொழுதும் கூராகவே இருக்கும். தலையை மேல்நோக்கி வீசித் தாக்குவது இதன் இயல்பு. ஆண் பன்றியின் தோள்பகுதியில் தோலும் அதன் அடித்திசுவும் கேடயம்போல் தடித்திருப்பதால் நாய்க்கடி அங்கு எளிதில் ஏறுவதில்லை. வயிறு கிழிந்தும் தொடை பிளந்தும் நாய்கள் இறப்பது இவ்வேட்டையில் வழக்கமானதாகும்.

வேட்டை முறை

இவ்வேட்டை பொதுவாக மூன்று படிகளைக் கொண்டது.

* தேடுதல்: மோப்பத்திறன் மிக்க நாய்கள் தடத்தைப் பற்றிச் சென்று பன்றி படுத்திருக்கும் இடத்தைக் கண்டறிகின்றன.
* மறித்தல்: நாய்கள் பன்றியைச் சூழ்ந்து நின்று இடைவிடாது குரைக்கின்றன. பன்றி முதுகைப் புதருக்கோ பாறைக்கோ கொடுத்து எதிர்த்து நிற்கும். குரைப்பொலியைக் கேட்டு வேட்டையாடுவோர் அவ்விடத்தை அடைகின்றனர்.
* பிடித்தல்: வலுவான நாய்கள் பன்றியின் காதையோ தாடையையோ கவ்விப் பிடிக்க, வேட்டையாடுவோர் ஆயுதத்தால் அதனைக் கொல்கின்றனர்.

மேலைநாடுகளில் மறிக்கும் நாய், பிடிக்கும் நாய் எனத் தனித்தனி இனங்கள் வளர்க்கப்படுகின்றன. தமிழகத்தில் இத்தகைய பிரிவு அவ்வளவாக இல்லை. நான்கைந்து நாய்களைக் கூட்டாகப் பழக்கி, ஆட்கள் ஒருபுறம் கூச்சலிட்டுக் கலைக்க, மறுபுறம் வேல்கம்புடன் காத்திருப்பது இங்கு வழக்கமாக இருந்தது.

வரலாறு

இலக்கியம்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் வேட்டை கூறப்படுகின்றது. அவர்கள் இரவில் நீர்நிலைக்கு அருகே தோண்டிய குழிகளில் மறைந்திருந்து, நீர் பருக வரும் பன்றிக்காகக் காத்திருக்கின்றனர். இரவு வேட்டை வாய்க்காவிடில், பகலில் நாய்களுடன் சென்று, புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல்களைப் பிடிக்கின்றனர். இச்செய்தியில் பன்றிக்குக் குழியும் முயலுக்கு நாயும் கூறப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. 

நடுகற்கள்

நாய்களுக்கு நடுகல் எடுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனுடன் கோவிவன் என்னும் அவனது நாயையும் குறிப்பிடுகின்றது.

பன்றி வேட்டையுடன் நேரடித் தொடர்புடைய சான்று கர்நாடக மாநிலம் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூர் கல்வெட்டாகும். கி.பி. 949 இல் நடைபெற்ற தக்கோலப் போரை அடுத்துப் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரனான மணலரதனைப் பற்றிக் கூறுகின்றது. போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, காளி என்னும் வேட்டை நாயைத் தருமாறு அவன் கேட்டுப் பெற்றான். அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மீது ஏவப்பட்டபோது இரண்டும் ஒன்றையொன்று கொன்று இறந்தன. நாயின் நினைவாகக் கல் நாட்டப்பட்டு, அதன் பூசைக்கு நிலமும் வழங்கப்பட்டது. நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்துடன் கூடிய இக்கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாளையக்காரர் காலமும் ஆங்கிலேயர் காலமும்

நாயக்கர் ஆட்சியில் உருவான பாளையங்களில் வேட்டை நாய்கள் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய வேட்டைக் குறிப்புகளில் தென்னிந்திய நாய்கள் பாளையக்காரர் நாய்கள் என்னும் பெயரில் இடம்பெறுகின்றன.

ஆங்கிலேய அதிகாரிகளிடம் பரவலாக இருந்தது வேறு முறையாகும். அவர்கள் குதிரைமீது அமர்ந்து ஈட்டியால் பன்றியைக் குத்தும் வேட்டையை விரும்பினர். மீரட் பகுதியில் நடைபெற்ற காதிர் கோப்பை இதற்கான புகழ்பெற்ற போட்டியாகும். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1883 இல் இக்கோப்பையை வென்றார். 1889 இல் இவ்வேட்டை பற்றி நூலும் எழுதினார்.

தென்தமிழக வேட்டை நாய்கள்

இராஜபாளையம் நாய்: பால் வெள்ளை நிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், ஆழ்ந்த மார்பும், நீண்ட கால்களும் கொண்டது. தோள் உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்றது. அறிமுகமற்றோரை எளிதில் அண்டவிடாத இயல்பினால் சிறந்த காவல் நாயாகவும் கருதப்படுகின்றது. முழு வெள்ளை நிறத்தை மட்டும் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவாக இவற்றுள் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகின்றது.

கோம்பை நாய்: தேனி மாவட்டம் கோம்பையின் பெயரால் அழைக்கப்படுகின்றது. செம்பழுப்பு நிறமும் கறுத்த முகவாயும் உடைய, கட்டான உடலமைப்புக் கொண்ட நாயாகும். இதுவும் பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது.

சிப்பிப்பாறை, கன்னி நாய்கள்: இவை மெலிந்த உடலும் மிகுந்த வேகமும் கொண்டவை. கண்ணால் கண்டு துரத்துபவை. பெரும்பாலும் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டன.

இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9 அன்று வெளியிட்ட நான்கு இந்திய நாயினங்களின் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையம் நாயும் ஒன்றாகும். 2020 ஆகத்து மாதம் ஒலிபரப்பான மனதின் குரல் வானொலி நிகழ்ச்சியில் இந்தியப் பிரதமர் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் குறிப்பிட்டதைத் தொடர்ந்து நாட்டு நாய்களின்மீது பொதுமக்களின் ஆர்வம் பெருகியது.

மலையடிவார ஊர்கள்

கான்சாபுரம், விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் உள்ள ஊராகும். இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெல் வயல்களும், தென்னந்தோப்புகளும், மாந்தோப்புகளும் மலைக்காட்டை நோக்கி நீள்கின்றன. காட்டிற்கும் விளைநிலத்திற்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை.

இம்மலைப்பகுதி 1988 இல் சாம்பல் நிற அணில் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும்; பரப்பளவு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றிற்குக் காட்டுப்பன்றி ஓர் இரையாகும். எனவே வேட்டை நாயின் தாயகமான இவ்வட்டாரத்தின் மலைப்பகுதி இன்று மிகக் கடுமையான காட்டுயிர்ப் பாதுகாப்பிற்கு உட்பட்ட நிலமாக உள்ளது.

பயிர்ச்சேதம்

காட்டுப்பன்றி அனைத்துண்ணியாகும். நிலக்கடலை, மக்காச்சோளம், கரும்பு, நெல், கிழங்கு வகைகள் ஆகியவற்றை விரும்பி உண்ணும். தென்னங்கன்றுகளின் குருத்தையும் தோண்டித் தின்னும். உண்பதைக் காட்டிலும் மூக்கால் கிளறியும் புரண்டும் அழிப்பதே மிகுதி. ஒரு கூட்டம் ஓரிரவில் ஒரு சிறு வயலை முழுமையாக அழிக்கவல்லது. பெண் பன்றி ஏறத்தாழ நான்கு மாதச் சினைக்குப் பின் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனுகின்றது. உணவு மிகுந்த விளைநிலங்களை ஒட்டி வாழும் கூட்டங்கள் விரைவாகப் பெருகுகின்றன.

சிறு உழவர்களுக்கு இவ்விழப்பு பெரும் சுமையாகும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் இரவு முழுவதும் பரணில் காவல் இருக்க வேண்டியுள்ளது. வனத்துறை இழப்பீடு வழங்கினாலும், சேதத்தை அதிகாரிகள் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அது கிடைக்கும். குத்தகைக்குப் பயிரிடுவோர் நில ஆவணம் தம் பெயரில் இல்லாமையால் கூடுதல் இடர்ப்பாட்டிற்கு ஆளாகின்றனர்.

பொறிகளும் கண்ணிகளும்

நாய்களைத் தவிர வேறு பல முறைகளாலும் பன்றிகள் பிடிக்கப்பட்டன. குழி வெட்டுதல், வலை கட்டுதல், சுருக்குக் கண்ணி வைத்தல் ஆகியன பழைய முறைகள். பிற்காலத்தில் உணவுப் பொருளுக்குள் வைக்கப்படும் நாட்டு வெடி, முறையற்ற மின்வேலி ஆகியன பரவின. இவை பன்றியை மட்டும் தாக்குவதில்லை. கண்ணியில் சிறுத்தையும், வெடியில் யானையும் மாடும், மின்வேலியில் மனிதரும் உயிரிழந்துள்ளனர். பெரும்பாலும் இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவர்களே மின்வேலிக்குப் பலியாகின்றனர்.

மேலைநாடுகளில் பயன்படும் பட்டிப்பொறி வேறு வகையானது. வலுவான கம்பி வலையால் வட்டமான பட்டி அமைத்து, பல நாட்கள் உணவிட்டுப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்த பின்னரே கதவு அடைக்கப்படும். ஒன்றிரண்டு தப்பினாலும் அவை அடுத்த முறை பொறியை அணுகா என்பதே இவ்வாறு காத்திருப்பதற்குக் காரணமாகும்.

சட்டநிலை

இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் 2(16) ஆம் பிரிவு வேட்டை என்னும் சொல்லை விரிவாக வரையறுக்கின்றது. கொல்லுதல் மட்டுமன்றி, பிடித்தல், துரத்துதல், கலைத்து ஓட்டுதல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தும் வேட்டையே ஆகும். எனவே நாயை ஏவிப் பன்றியைத் துரத்துவதும், அது தப்பிவிட்டாலும், குற்றமாகும்.

தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இச்சட்டம் இடமளித்தது. 1991 திருத்தத்தால் அவ்வுரிம முறை நீக்கப்பட்டது. மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022 இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இரண்டாம் அட்டவணையில் இடம்பெறுகின்றது. வேட்டைக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சரணாலயத்திற்குள் வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை உண்டு. இது ஏழு ஆண்டுகள் வரை நீளலாம்.

சட்டத்தில் விதிவிலக்குகள் உள்ளன. மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர், பயிருக்கோ உயிருக்கோ கேடு விளைவிக்கும் விலங்கை வேட்டையாட 11 ஆம் பிரிவின்கீழ் அனுமதி அளிக்கலாம். ஒன்றிய அரசு 62 ஆம் பிரிவின்கீழ் ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்திற்குத் தீங்குயிரி என அறிவிக்கலாம். 2015-2016 காலப்பகுதியில் பீகார், உத்தராகண்டம் மாநிலங்களின் சில மாவட்டங்களில் காட்டுப்பன்றி இவ்வாறு அறிவிக்கப்பட்டது.

கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரம் வழங்கப்பட்டது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை. தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் பின்வரும் முறையை அறிவித்தது.

* காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை: பன்றிகளைச் சுட அனுமதி இல்லை.
* 1 கி.மீ. முதல் 3 கி.மீ. வரை: பன்றிகளைப் பிடித்து மீண்டும் காட்டில் விடலாம்.
* 3 கி.மீ. தொலைவுக்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

இம்முறையிலும் உழவர்கள் தாமே நாய்களைக் கொண்டு வேட்டையாட இடமில்லை. மேலும், அடிவாரத்தை ஒட்டிய நிலங்கள் பெரும்பாலும் முதல் இரு வளையங்களுக்குள்ளேயே அமைகின்றன. சேதம் மிகுந்த இடமும் கட்டுப்பாடு மிகுந்த இடமும் ஒன்றாகவே இருப்பது இதன் சிக்கலாகும்.

பிற நாடுகளில்

வட அமெரிக்காவில் பன்றி இயற்கையாக வாழ்ந்ததில்லை. 1539 இல் எசுப்பானியரான எர்னான்டோ டி சோட்டோ புளோரிடாவிற்குப் பன்றிகளைக் கொண்டுசென்றார். இன்று ஐக்கிய அமெரிக்காவில் காட்டுநிலை அடைந்த பன்றிகளின் எண்ணிக்கை 60 இலட்சத்திற்கு மேல் என அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுகின்றது. டெக்சாசு உள்ளிட்ட மாநிலங்களில் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது பரவலாக உள்ளது. அர்கெந்தீனாவில் 1920களில் பன்றி உள்ளிட்ட பெரிய விலங்குகளின் வேட்டைக்கென டோகோ அர்கெந்தீனோ என்னும் வெள்ளை நிற நாயினம் உருவாக்கப்பட்டது.

இத்தகைய வேட்டையால் மட்டும் பன்றிகள் குறைவதில்லை என்பது இந்நாடுகளின் பட்டறிவாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பன்றிகளை அகற்றினால்தான் எண்ணிக்கை குறையும் என மதிப்பிடப்படுகின்றது. நாய்கள் ஒருமுறைக்கு ஒன்றிரண்டு பன்றிகளையே பிடிக்கின்றன. எஞ்சியவை சிதறிப் புதிய இடங்களுக்குச் செல்கின்றன. முழுக் கூட்டத்தையும் அகற்றும் பட்டிப்பொறியே கூடுதல் பயன் தருவதாகக் கருதப்படுகின்றது.

நோய்கள்

காட்டுப்பன்றியின் இறைச்சியை நன்கு வேகவைக்காமல் உண்பதால் தசைப்புழு நோய் ஏற்படலாம். ஆஸ்திரேலியாவில் பன்றி வேட்டை நாய்களிடமும் வேட்டையாடுவோரிடமும் புரூசெல்லா தொற்று கண்டறியப்பட்டுள்ளது. 2023 சனவரியில் முதுமலை புலிகள் காப்பகத்தில் இறந்த காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இது மனிதருக்குத் தொற்றாது. எனினும் வளர்ப்புப் பன்றிகளை அழிக்கவல்லது.

நோய் எதிர்த்திசையிலும் பரவும். காட்டிற்குள் செல்லும் நாய்கள் வெறிநோயையும் நாய்ச் சளிக்காய்ச்சலையும் காட்டுயிர்களுக்குக் கொண்டுசெல்லலாம். 2018 இல் குசராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிடம் நாய்ச் சளிக்காய்ச்சல் தீநுண்மி கண்டறியப்பட்டது. புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி இடுவது இதனால் இன்றியமையாததாகும்.

மாற்று முறைகள்

வேட்டைக்கு மாற்றாகப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

* வயலைச் சுற்றி அகழி வெட்டுதல், கம்பி வலை வேலி அமைத்தல்.
* குறைந்த நேரத் துடிப்பாக மின்சாரம் பாயும் சூரிய மின்வேலி. இது அதிர்ச்சி தரும், உயிரைப் பறிக்காது. வீட்டு மின் இணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் செலுத்துவது இதனின்றும் வேறானது, சட்டத்திற்குப் புறம்பானது.
* வண்ணச் சேலைகளைச் சுற்றிக் கட்டுதல், விளக்கு, ஒலி ஆகியவற்றால் விரட்டுதல். பன்றிகள் சில நாட்களில் இவற்றிற்குப் பழகிவிடுகின்றன.
* வரப்போரத்தில் ஆமணக்கு போன்ற, பன்றி விரும்பாத பயிர்களை வளர்த்தல்.
* நாய்களைக் காவலுக்கு நிறுத்துதல்.

இவற்றுள் கடைசி முறையில் நாய் பன்றியைத் துரத்தவோ பிடிக்கவோ தேவையில்லை. வேலிக்கு உள்ளே நின்று மோப்பம் பிடித்துக் குரைத்தாலே காவலாளி விழித்துக்கொள்வார். பன்றிக் கூட்டமும் தயங்கும். சிறுத்தை நடமாட்டம் உள்ள அடிவாரத்தில் நாயே இரையாகும் ஆபத்து இருப்பதால், இரவில் அதனைத் தனியே கட்டிவைப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

இன்றைய நிலை

இராஜபாளையம் நாய் இன்று பெரும்பாலும் வீட்டுக்காவலுக்கும், தோட்டக்காவலுக்கும், நாய்க் கண்காட்சிகளுக்கும் வளர்க்கப்படுகின்றது. வேட்டையில் தேர்ந்த நாயிலிருந்து குட்டி எடுக்கும் பழைய வழக்கம் மறைந்து, நிறமும் தோற்றமும் முதன்மை பெற்றுள்ளன. பரந்த நிலத்தில் ஓடித் திரிவதற்கு ஏற்ற இந்நாய்கள் நகர வீடுகளில் கட்டிவைக்கப்படும்போது எளிதில் கட்டுக்கடங்காமல் போகின்றன.

மலையடிவார ஊர்களில் பன்றியின் வருகை தொடர்கின்றது. வேட்டைக்குத் தடை விதித்த சட்டம் காட்டைக் காத்தது. ஆனால் அத்தடையின் செலவு பெரும்பாலும் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்போர் மீதே விழுகின்றது. உரிய காலத்தில் இழப்பீடு, மானியத்துடன் கூடிய வேலி, பயிருக்கேற்ற காவல் ஆகியன முழுமையாகக் கிடைக்காத இடங்களிலேயே கண்ணியும் நாட்டு வெடியும் முறையற்ற மின்வேலியும் மீண்டும் தலைதூக்குகின்றன.

பகுப்பு: வேட்டை | பகுப்பு: விருதுநகர் மாவட்டம் | பகுப்பு: நாய்கள்